இமயமலையில் பனி உருகினால் பிச்சாவரத்துக்கு என்ன?

கங்கோத்ரிக்கும் பிச்சாவரத்துக்கும் நேர்கோட்டில் அளந்தாலே 2,100 கிலோமீட்டருக்கு மேல் தூரம். ஒன்று, சுமார் 4,000 மீட்டர் உயரத்தில் பனி உறைந்து கிடக்கும் மலைப் பள்ளத்தாக்கு. இன்னொன்று, சிதம்பரத்திலிருந்து 15 கி.மீ. தள்ளி, கடல் ஏறி இறங்கும் சேற்றில் நிற்கும் அலையாத்திக் காடு. ‘இமயத்தில் பனி வேகமாக உருகுகிறது’ என்று செய்தி வந்தால், ‘அது வடக்கே நடக்கிற விஷயம், நமக்கென்ன?’ என்று ஸ்க்ரோல் பண்ணிவிட்டுப் போவது இயல்புதான்.

ஆனால், மலையில் கரையும் பனி கடைசியில் வந்து சேரும் இடம் கடல். அந்தக் கடலின் ஓரத்தில்தான் கடலூர் மாவட்டம் இருக்கிறது. மேலே என்ன மாறுகிறது, அது கீழே எப்படி வந்து சேர்கிறது, பிச்சாவரம் தாக்குப்பிடிக்குமா?

கங்கோத்ரியில் என்ன நடக்கிறது?

செய்திகளில் ‘பனிப்பாறை’ என்று எழுதினாலும், ‘பனியாறு’ என்ற சொல்தான் இதற்குச் சரியாகப் பொருந்தும். வருஷக்கணக்கில் பெய்த பனி தன் எடையாலேயே இறுகி, கட்டியாகி, மலைச் சரிவில் மிக மெதுவாக நகர்ந்து இறங்குகிறது. பார்வைக்குப் பாறை மாதிரி இருந்தாலும் அது நகர்ந்துகொண்டேதான் இருக்கும்.

பனியாற்றின் கணக்கு, பேங்க் அக்கவுன்ட் கணக்கு மாதிரி. மேலே புதுப் பனி சேர்வது வரவு. கீழே உருகி ஓடுவது செலவு. இரண்டும் சமமாக இருந்தால் பனியாற்றின் முகப்பு ஏறக்குறைய ஒரே இடத்தில் நிற்கும். செலவு கூடினால், கீழ் நுனி கரைந்து கரைந்து முகப்பு மேல்நோக்கிப் போகும். இதைத்தான் ‘பின்வாங்குகிறது’ என்கிறார்கள்.

கங்கோத்ரி பனியாறு சுமார் 30 கி.மீ. நீளம். அதன் முகப்புக்குப் பெயர் கோமுகம். கங்கையின் மூல நதிகளில் ஒன்றான பாகீரதி அங்கிருந்துதான் புறப்படுகிறது. 1935-ல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த ஜே.பி. ஆடன் இந்த முகப்பை அளந்து வரைபடமாக்கினார். அன்று குறித்த இடத்திலிருந்து கோமுகம் இன்று ஒரு கிலோமீட்டருக்கும் மேல் பின்னால் போய்விட்டது.

கங்கோத்ரி மட்டும் இப்படி இல்லை. காத்மாண்டுவிலிருந்து இயங்கும் ‘ஐசிமோட்’ ஆய்வு மையம் 2023-ல் வெளியிட்ட அறிக்கையின்படி, இந்துகுஷ் - இமயமலைப் பனியாறுகள் 2001-2010-ஐ விட 2011-2020-ல் 65% வேகமாகப் பனியை இழந்துள்ளன. கார்பன் உமிழ்வு இதே போக்கில் போனால், இந்த நூற்றாண்டின் முடிவுக்குள் இப்போதிருக்கும் பனியில் 80% வரை போய்விடலாம் என்கிறது அந்த அறிக்கை.

பனி போன இடத்தில் என்ன மிஞ்சுகிறது?

முதலில் மிஞ்சுவது வெறும் கல்லும் சரளையும்தான். பனியாறு நகரும்போது மலையைச் சுரண்டிக் கொண்டுவந்த பாறைத் துண்டுகள், அது போன பிறகு இரு பக்கமும் முன்னாலும் கரைபோலக் குவிந்து நிற்கும். அந்தக் கரைக்குப் பின்னால் உருகிய நீர் தேங்கினால், முன்பு இல்லாத ஓர் ஏரி பிறக்கும். கட்டி எழுப்பாத, சிமென்ட் இல்லாத, எப்போது வேண்டுமானாலும் உடையக்கூடிய அணை அது.

2023 அக்டோபரில் சிக்கிமின் தெற்கு லோனாக் ஏரி அப்படித்தான் உடைந்தது. பாய்ந்து வந்த வெள்ளம் சுங்தாங்கில் இருந்த தீஸ்தா-3 நீர்மின் திட்டத்தின் அணையையே அடித்துக்கொண்டு போனது.

இன்னொரு மாற்றம் சத்தமில்லாமல் நடக்கிறது. குளிர் குறையக் குறைய புல்லும் புதர்களும் மலையில் மேலே ஏறுகின்றன. பனி விட்டுக்கொடுத்த இடத்தில் செடி குடியேறுகிறது. தட்பவெப்பம் மாறும்போது உயிர்கள் செய்யும் முதல் வேலை, தங்களுக்கு ஏற்ற இடம் தேடி நகர்வதுதான். பிச்சாவரத்தின் கதையிலும் இதே விஷயம் வரப்போகிறது.

காவிரிக்கும் இதுக்கும் சம்பந்தம் உண்டா?

நேரடியாக இல்லை. காவிரி குடகில் தலைக்காவிரியில் பிறக்கிறது. முழுக்க மழையை நம்பிய ஆறு. கங்கைக்கு மலை மேல் பனி என்ற ‘சேமிப்பு’ இருக்கிறது. கோடையில் மழை இல்லாவிட்டாலும் பனி உருகிக் கொஞ்சம் தண்ணீர் வரும். காவிரிக்கு அப்படி ஒரு வைப்புத்தொகை கிடையாது. ஆகவே, கங்கோத்ரி உருகினால் கொள்ளிடத்தில் தண்ணீர் கூடாது, குறையவும் குறையாது.

இமயத்துப் பனியும் தமிழ்நாடும் சந்திக்கும் இடம் ஆறு அல்ல, வங்காள விரிகுடா.

உருகின பனி கடலை எவ்வளவு உயர்த்தும்?

ஒரு டம்ளர் தண்ணீரில் ஐஸ் கட்டியைப் போட்டு, நீர் மட்டத்தைக் குறித்து வையுங்கள். ஐஸ் உருகிய பிறகும் மட்டம் உயராது. மிதக்கும் பனி ஏற்கெனவே தன் எடைக்கான இடத்தை எடுத்துக்கொண்டுவிட்டது. கடலில் மிதக்கும் பனி உருகினாலும் இதே கதைதான். ஆனால் டம்ளருக்கு வெளியே இருந்த ஐஸ் உருகி உள்ளே வழிந்தால் மட்டம் உயரும். மலைப் பனியாறு இந்த இரண்டாவது வகை. நிலத்தில் இருந்த தண்ணீர், கடலில் புதிதாகச் சேர்கிறது.

‘நேச்சர்’ இதழில் 2025 பிப்ரவரியில் வெளியான சர்வதேச ஆய்வு, 2000 முதல் 2023 வரை உலகின் பனியாறுகள் சராசரியாக ஆண்டுக்கு 27,300 கோடி டன் பனியை இழந்ததாகக் கணக்கிட்டுள்ளது. சென்னைக்குக் குடிநீர் தரும் வீராணம் ஏரியின் முழுக் கொள்ளளவு 1.465 டிஎம்சி. அந்தக் கணக்கில் பார்த்தால், ஒவ்வோர் ஆண்டும் சுமார் 6,500 வீராணம் ஏரிகள் கடலில் கொட்டப்படுகின்றன.

இவ்வளவு தண்ணீரும் சேர்ந்து அந்த 23 ஆண்டுகளில் உலகக் கடல் மட்டத்தை உயர்த்தியது 18 மி.மீ. மட்டுமே. கடல் அவ்வளவு பெரிது. இதில் இமயத்தின் பங்கும் சிறியதுதான். அலாஸ்கா, ஆர்க்டிக் கனடா போன்ற பகுதிகள்தான் அதிகம் கொட்டுகின்றன. கங்கோத்ரி உருகியதால்தான் கடலூரில் கடல் ஏறுகிறது என்று சொன்னால் அது மிகை.

மற்றவை எங்கிருந்து வருகின்றன? ஐபிசிசி அறிக்கையின்படி, 1971-2018 காலத்தில் கடல் மட்டம் உயர்ந்ததில் பாதிக்குக் காரணம், கடல் நீர் சூடாகி விரிந்தது. 22% மலைப் பனியாறுகள். 20% கிரீன்லாந்து, அண்டார்டிகா பனித் தகடுகள். மீதி, நிலத்தில் தேங்கியிருந்த நீர்.

1901-லிருந்து 2018 வரை மொத்தம் 20 செ.மீ. உயர்வு. ஒரு ஜாண் அளவுதான். ஆனால் கவலை தருவது வேகம். உலக வானிலை அமைப்பின் கணக்குப்படி 1993-2002-ல் ஆண்டுக்கு 2.13 மி.மீ.யாக இருந்த உயர்வு, 2014-2023-ல் 4.77 மி.மீ. ஆகிவிட்டது. இரண்டு மடங்குக்கும் அதிகம்.

கடல் முன்பும் ஏறி இறங்கியதுதானே?

உண்மைதான். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகம் உச்சத்தில் இருந்தபோது உலகக் கடல் மட்டம் இன்றைவிட சுமார் 120 மீட்டர் கீழே இருந்தது. அன்று தமிழகத்தையும் இலங்கையையும் நிலம் இணைத்திருந்தது. பிறகு பனி உருக உருகக் கடல் ஏறி வந்தது. இன்றைய கடற்கரை என்பதே உருகிய பனி வரைந்த கோடுதான்.

சிதம்பரத்தின் பழைய பெயரிலும் இதே நிலக்காட்சி இருக்கிறது. தில்லை என்பது ஒரு மரத்தின் பெயர். நடராஜர் கோயிலின் தல விருட்சம். அதன் பால் கண்ணில் பட்டால் கடும் எரிச்சல் தரும். தாவரவியல்படி அது ஓர் அலையாத்தி வகை. உவர்ச் சேற்றில் வளர்வது. தில்லை வனம் என்று பெயர் பெற்ற ஊரில் இன்று தில்லைக் காடு இல்லை. அந்த மரத்தைக் கூட்டமாகப் பார்க்க வேண்டுமானால் பிச்சாவரம்தான் போக வேண்டும்.

அப்படியானால் இப்போதும் காடு கடலோடு சேர்ந்து நகர்ந்துகொள்ளாதா? நகரும், இரண்டு நிபந்தனைகளோடு. கடல் ஏறும் வேகம் காடு தாங்கும் அளவுக்குள் இருக்க வேண்டும். நகர்வதற்கு இடமும் இருக்க வேண்டும்.

பிச்சாவரத்தால் எவ்வளவு வேகத்தைத் தாங்க முடியும்?

பிச்சாவரம், வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே உள்ள கழிமுகக் காடு. 2022-ல் ராம்சர் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டபோது குறிக்கப்பட்ட பரப்பு சுமார் 1,479 ஹெக்டேர். சுரபுன்னையின் ஊன்றுகால் வேர்களும், வெண்கண்டலின் சேற்றிலிருந்து குச்சி குச்சியாக மேலே நீட்டிக்கொண்டிருக்கும் மூச்சு வேர்களும் இங்கே பிரபலம். அந்த வேர்களுக்குத் தினமும் கொஞ்ச நேரம் தண்ணீர், கொஞ்ச நேரம் காற்று என இரண்டும் வேண்டும். எந்நேரமும் மூழ்கியிருந்தால் மரம் மூச்சுத் திணறிச் சாகும்.

இங்கே கடல் ஏறி இறங்கும் அளவு ஒரு மீட்டருக்குள்தான். அதாவது, காடு வாழக்கூடிய உயரப் பட்டையே மிகக் குறுகியது. சுந்தரவனம் போலப் பல மீட்டர் ஏற்ற இறக்கம் உள்ள இடத்தில் 20 செ.மீ. சின்ன விஷயம். பிச்சாவரத்தில் அப்படிச் சொல்லிவிட முடியாது.

ஆனாலும் அலையாத்தி மரங்களிடம் ஒரு வித்தை இருக்கிறது. ஆறு கொண்டுவரும் வண்டலை வேர்களால் பிடித்துவைக்கும். உதிர்ந்த இலையும் செத்த வேரும் அதோடு சேரும். இப்படித் தன் காலடித் தரையைத் தானே உயர்த்திக்கொள்ளும். கடல் ஒரு படி ஏறினால், காடும் ஒரு படி ஏறும்.

இதற்கு எல்லை எது? ஆஸ்திரேலியாவின் நீல் செயின்டிலன் தலைமையிலான குழு உலகம் முழுவதும் 78 இடங்களில் கிடைத்த பழைய வண்டல் பதிவுகளை ஆராய்ந்து 2020-ல் ‘சயின்ஸ்’ இதழில் ஒரு விடை தந்தது. பனியுகத்துக்குப் பின் பனி வேகமாக உருகிய காலத்தில் அலையாத்திக் காடுகள் என்ன செய்தன என்று பார்த்தார்கள். கடல் மட்டம் ஆண்டுக்கு சுமார் 6 மி.மீ.க்கு மேல் உயர்ந்தபோது, பெரும்பாலும் காடுகளால் ஈடுகொடுக்க முடியவில்லை.

எல்லை சுமார் 6. இப்போதைய உலக சராசரி 4.77. இடைவெளி அவ்வளவுதான்.

வண்டல் வருதா?

தரையை உயர்த்த வண்டல் வேண்டும். உப்பைக் கழுவ நன்னீர் வேண்டும். இரண்டையும் தர வேண்டியது கொள்ளிடம். ஆனால் 1836-ல் கட்டிய அணைக்கரை கீழணை, 1934-ல் வந்த மேட்டூர் அணை, இவற்றுக்குப் பிறகு வந்த பல அணைகள், கதவணைகள் எல்லாம் தாண்டித்தான் தண்ணீர் கடலுக்கு வந்தாக வேண்டும். வண்டலின் பெரும்பகுதி அணைகளுக்குள் படிந்துவிடுகிறது. ஆற்று மணல் அள்ளியதும் சேர்ந்துகொண்டது. உபரி நீர் திறக்கப்படும் வெள்ள நாட்களை விட்டால், கொள்ளிடத்தின் கடைசிப் பகுதியில் கடல் நீர்தான் உள்ளே ஏறுகிறது. கரையோர ஊர்களில் நிலத்தடி நீர் உப்பாவதன் காரணங்களில் இதுவும் ஒன்று.

காட்டுக்குள் இதன் விளைவு தெரிகிறது. உப்பை நன்கு தாங்கும் வெண்கண்டல்தான் இன்று பிச்சாவரத்தில் பெரும்பான்மை. நன்னீர் அதிகம் கேட்கும் சில வகைகள் இங்கிருந்து மறைந்தேபோய்விட்டன. ‘கடலுக்குப் போகும் தண்ணீர் வீண்’ என்று அடிக்கடி சொல்லப்படுகிறது. பிச்சாவரத்தின் பக்கமிருந்து பார்த்தால், அந்தத் தண்ணீர்தான் காட்டின் சாப்பாடு.

பின்னால் போக இடம் இருக்கா?

மலையில் செடிகள் மேலே ஏறியதுபோல, கடலோரத்தில் காடு நிலத்தை நோக்கி உள்ளே ஏற வேண்டும். எவ்வளவு தூரம்? ஒரு கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் சரிவுள்ள தட்டையான நிலம் என்று வைத்துக்கொள்வோம். கடல் 10 செ.மீ. உயர்ந்தால், காடு 100 மீட்டர் உள்ளே நகர வேண்டும்.

பிச்சாவரத்துக்குப் பின்னால் கிள்ளை வட்டாரத்தின் குடியிருப்புகள், நெல் வயல்கள், இறால் பண்ணைகள், சாலைகள் இருக்கின்றன. 2019 கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, 1,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட அலையாத்திப் பரப்பைச் சுற்றி 50 மீட்டர் இடைவெளி விடச் சொல்கிறது. இன்று நிற்கும் காட்டைக் காக்க இது உதவும். நாளை நகர வேண்டிய காட்டுக்கு 50 மீட்டர் போதாது. முன்னால் கடல், பின்னால் கரை. நடுவில் காடு நெருக்கப்படும்.

காடு போனா யாருக்கு நஷ்டம்?

2004 டிசம்பர் 26 சுனாமியில் கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதன் பிறகு இதே மாவட்டக் கடற்கரையை ஆராய்ந்த சர்வதேசக் குழு ஒன்று, அடர்ந்த மரங்களுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவாக இருந்ததாக 2005-ல் ‘சயின்ஸ்’ இதழில் எழுதியது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பரங்கிப்பேட்டை கடல் உயிரியல் மைய ஆய்வாளர்களும் இதே போன்ற முடிவுக்கு வந்தனர். ஊரின் உயரமும் கடலிலிருந்து உள்ள தூரமும்தான் முக்கியக் காரணம், மரங்களின் பங்கு குறைவு என்று வாதிட்டவர்களும் உண்டு. சுனாமியில் காட்டின் பங்கு எவ்வளவு என்பதில் விவாதம் இருந்தாலும், அன்றாட அலையின் வேகத்தையும் புயலோடு வரும் கடல் நீரையும் அலையாத்திக் காடு தணிக்கும் என்பதில் சந்தேகம் இல்லை. 2011 தானே புயல் கரையைக் கடந்த கடற்கரை இது.

வயிற்றுப்பாடும் இருக்கிறது. இறாலும் நண்டும் பல மீன் இனங்களும் குஞ்சுப் பருவத்தை இந்த வேர்களுக்கு இடையில்தான் கழிக்கின்றன. கால்வாய்ச் சேற்றில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் குடும்பங்களுக்குப் பெரிய படகோ இயந்திரமோ கிடையாது. காடு சுருங்கினால் முதல் அடி அவர்களுக்குத்தான். ‘இதயக்கனி’ காலத்திலிருந்து பிச்சாவரத்தை நம்பியிருக்கும் படகுச் சுற்றுலாவும் அதற்கடுத்த வரிசையில் நிற்கிறது.

ஒருமுறை மீண்ட காடு

பிச்சாவரம் ஏற்கெனவே ஒருமுறை அழிவின் பக்கம் போய்த் திரும்பி வந்திருக்கிறது. 20-ஆம் நூற்றாண்டில், 1970-கள் வரை, காட்டைப் பகுதி பகுதியாக மொத்தமாக வெட்டும் முறை இருந்தது. மரம் போன சேறு வெயிலில் காய்ந்து, சுருங்கி, கிண்ணம் போலத் தாழ்ந்தது. அதில் புகுந்த கடல் நீர் வெளியேற வழியில்லாமல் தேங்கி, ஆவியாகி, உப்பை மட்டும் விட்டுச் சென்றது. அங்கே எதுவும் முளைக்கவில்லை.

1990-களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் உள்ளூர் மக்களும் சேர்ந்து மீன் முள் வடிவில் வாய்க்கால்கள் வெட்டினார்கள். நடுவில் ஒரு பெரிய வாய்க்கால், இரு பக்கமும் சாய்வாகச் சின்ன வாய்க்கால்கள். கடல் நீர் வந்து போக வழி கிடைத்ததும் உப்பு குறைந்தது. நட்ட கன்றுகள் பிடித்துக்கொண்டன. 1986-க்கும் 2002-க்கும் இடையே காட்டின் பரப்பு கணிசமாகக் கூடியது.

இதில் இரண்டு பாடங்கள் இருக்கின்றன. தரை கொஞ்சம் தாழ்ந்ததே ஒரு காட்டைக் கொல்லப் போதுமானதாக இருந்தது. தண்ணீருக்கு வழி விட்டதும் அதே காடு திரும்பி வந்தது.

நெய்வேலி இந்தக் கணக்கில் எங்கே?

பனியை உருக்குவது பூமியின் சூடு. சூட்டைக் கூட்டுவது நிலக்கரி, எண்ணெய், எரிவாயு எரிப்பதால் சேரும் கார்பன் டை ஆக்சைடு. கடலூர் மாவட்டத்திலேயே நெய்வேலியில் 1962-லிருந்து பழுப்பு நிலக்கரியை எரித்து மின்சாரம் தயாரிக்கப்படுகிறது. உயர்தர நிலக்கரியைவிடப் பழுப்பு நிலக்கரி, ஒரு யூனிட் மின்சாரத்துக்கு அதிக கார்பனை வெளியிடும். உலகக் கணக்கில் நெய்வேலி ஒரு சிறு புள்ளி. அந்த மின்சாரம் பல தலைமுறைகளுக்கு வேலையும் வெளிச்சமும் தந்தது என்பதும் உண்மை. ஆனால் வெளியிடும் புகையும், உயரும் கடலும் ஒரே மாவட்டத்தில் இருப்பது இந்தப் பிரச்சினை எவ்வளவு கிட்டத்தில் இருக்கிறது என்று காட்டுகிறது.

இனி எதைக் கவனிக்கணும்?

உலகம் நாளையே உமிழ்வை நிறுத்தினாலும், ஏற்கெனவே சேர்ந்த சூட்டால் கடல் இன்னும் பல பத்தாண்டுகள் ஏறும். ஆனால், எந்த வேகத்தில் ஏறும் என்பது இன்னும் முடிவாகவில்லை. 6 மி.மீ.யைத் தாண்டுமா, தாண்டாதா என்பது டெல்லி, பெய்ஜிங், வாஷிங்டனில் எடுக்கும் முடிவுகளைப் பொறுத்தது.

மற்ற இரண்டு விஷயங்கள் உள்ளூர்க் கையில் இருக்கின்றன. ஒன்று, கொள்ளிடத்தில் எவ்வளவு தண்ணீரும் வண்டலும் கடைசி வரை வரும் என்பது. இன்னொன்று, காட்டுக்குப் பின்னால் உள்ள தாழ்நிலத்தில் புதுக் கரையும் கட்டடமும் வருமா, இல்லை காடு ஏற இடம் விடப்படுமா என்பது. 2023-ல் தொடங்கிய மத்திய அரசின் ‘மிஷ்டி’ போன்ற அலையாத்தித் திட்டங்களைப் பற்றிச் செய்தி வரும்போது, எத்தனை லட்சம் கன்றுகள் நட்டார்கள் என்பதோடு இன்னொரு கேள்வியையும் சேர்த்துக் கேட்கலாம்: அந்தக் கன்றுகளுக்குத் தண்ணீர் வர வழியும், பின்னால் நகர இடமும் விட்டிருக்கிறார்களா?